மூத்த மகனும் விருந்துக்கு வரட்டும்

(பொன்விழா நவநாளின் நிறைவு மாலையில், நற்கருணை ஆசீருக்கு முன் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



கொடி ஏறி ஒன்பது நாட்கள் ஆகின்றன. நாளைக் காலை பெருவிழாத் திருப்பலி. மாலை தேர்ப் பவனி. மறுநாள் கொடி இறங்கும். பந்தல்காரர் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றுவார். மேளக்காரர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். வளையல் கடையும் மிட்டாய்க் கடையும் இருந்த இடத்தில் காகிதக் குப்பைதான் கிடக்கும். அப்போது நம்மிடம் எஞ்சியிருப்பது என்ன? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று மாலை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இந்த நாட்களில் இரண்டு குறைகள் நம் காதில் விழுந்தன. "அந்தக் காலத்துல பக்தி இருந்துச்சு சாமி. இப்ப எல்லாம் கூத்தும் கும்மாளமும்தான்" என்றார் ஒரு பெரியவர். அன்றிரவே ஓர் இளைஞன், "கோயிலுக்கு வந்தா எதுக்கெடுத்தாலும் திட்டுதான் ஃபாதர். சிரிச்சாக்கூடத் தப்பு" என்றான். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆனால் இருவர் சொன்னதும் பாதி உண்மையே. பக்தி பெரியவர்களுக்கு, மகிழ்ச்சி பிள்ளைகளுக்கு என்று நாம் பாகப்பிரிவினை செய்துகொண்டோம். ஒரு கண்ணை அண்ணனுக்கும் மறு கண்ணைத் தம்பிக்கும் பிரித்துக் கொடுத்தால், இருவருக்குமே பார்வை நேராக இராது. இறைவன் இணைத்ததை நாம் பிரித்துவிட்டோம்.

எக்காளம் ஒலித்த நாள்

யூபிலி என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஆட்டுக் கொம்பினால் செய்த எக்காளத்தைக் குறிக்கும் 'யோபேல்' என்ற எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊத வேண்டும். அடிமைகள் விடுதலை பெற வேண்டும். வறுமையினால் கைமாறிய நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும். பிரிந்தவன் தன் குடும்பத்தாரிடம் போய்ச் சேர வேண்டும். இதுவே ஆண்டவர் மோயீசனுக்குக் கொடுத்த கட்டளை.

இதில் நாம் கவனியாமல் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. அந்த எக்காளத்தை எந்த நாளில் ஊதச் சொன்னார்? அறுவடைத் திருநாளிலா? இல்லை. ஏழாம் மாதம் பத்தாம் நாளில். அது பாவப் பரிகார நாள். மக்கள் தங்களை ஒறுத்து இறைவன்முன் தாழ்ந்து நின்ற நாள். ஆண்டிலேயே மிகக் கடுமையான நோன்பு நாளில்தான் ஐம்பதாண்டுகளுக்கு ஒரு முறை வரும் பெருமகிழ்ச்சி அறிவிக்கப்பட்டது. மனந்திரும்புதல் முதலில், எக்காளம் அதன் பின். கடனை மன்னியாதவனுக்கும், பறித்த நிலத்தைத் திருப்பித் தராதவனுக்கும் அந்த எக்காளம் வெறும் சத்தமே.

நம் பங்கு பிறந்த 1975-ஆம் ஆண்டும் திருச்சபைக்கு ஒரு யூபிலி ஆண்டே. அவ்வாண்டு மே 9 அன்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் கிறிஸ்தவ மகிழ்ச்சியைப் பற்றியே ஒரு மடல் எழுதினார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1965 டிசம்பர் 7 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்றைய உலகில் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டுக்கு இலத்தீனில் முதற் சொல்லே 'மகிழ்ச்சி' என்பதுதான். 2013-இல் மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் எழுதிய மடலின் பெயரும் நற்செய்தியின் மகிழ்ச்சி என்பதே. தவக்காலம் மட்டுமே உண்டு, பாஸ்கா இல்லை என்பதுபோல் வாழும் கிறிஸ்தவர்களைக் குறித்து அதில் அவர் வருந்தினார். திருச்சபை திரும்பத் திரும்ப இதையே சொல்வானேன்? நாம் திரும்பத் திரும்ப மறந்துவிடுவதால் அன்றோ!

இரண்டு மைந்தர்கள்

லூக்காஸ் எழுதிய நற்செய்தி எங்கே தொடங்குகிறது? தேவாலயத்தில். சக்கரியாஸ் தூபம் இட்டுக்கொண்டிருக்கிறார். எங்கே முடிகிறது? அதே தேவாலயத்தில். ஆண்டவர் விண்ணகம் சென்றபின் சீடர்கள் பெருமகிழ்ச்சியோடு எருசலேமுக்குத் திரும்பி, ஓயாமல் ஆலயத்தில் இறைவனைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில், பெத்லகேம் வயல்வெளியில், மேய்ப்பர்களுக்குச் சம்மனசு அறிவித்ததும் மகிழ்ச்சியே. தொடக்கத்தில் தூபம், முடிவில் களிப்பு, இரண்டும் ஒரே கூரையின் கீழ். இதுவே நம் விசுவாசத்தின் மையம்.

இதே லூக்காஸ்தான் காணாமற்போன மகனின் உவமையையும் நமக்குத் தந்தார். இளைய மகனைப் பற்றி நீங்கள் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள். அவன் மகிழ்ச்சியைத் தேடிப் போனான். தகப்பனை விட்டுவிட்டுப் போனான். பன்றித் தொழுவத்தில் போய் நின்றான். தகப்பனில்லாத மகிழ்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அவனே சாட்சி. இன்று நாம் சிந்திக்க வேண்டியவன் மூத்தவன்.

மூத்தவன் நல்லவன். வயலிலிருந்து உழைத்துவிட்டு வருகிறான். வீட்டிலே பாட்டும் ஆட்டமும் கேட்கின்றன. உள்ளே போகாமல் வேலைக்காரனைக் கூப்பிட்டு விசாரிக்கிறான். சொந்த வீட்டின் மகிழ்ச்சி அவனுக்கு அந்நியமாகிவிட்டது பாருங்கள்! பிறகு தகப்பனிடம் தன் கணக்கை ஒப்பிக்கிறான்: இத்தனை ஆண்டு உழைத்தேன், ஒரு கட்டளையையும் மீறவில்லை, எனக்கு ஓர் ஆட்டுக்குட்டி கொடுத்ததுண்டா என்று கேட்கிறான். இங்கே உழைப்பைக் குறிக்கக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் மகனுடைய பணிவிடைக்கு உரிய சொல் அன்று. அடிமை வேலைக்கு உரிய சொல். தகப்பன் வீட்டிலேயே இருந்தான், அடிமையாய் இருந்தான். அவனிடம் பக்தி இருந்தது, மகிழ்ச்சி இல்லை. ஆகையால் அந்தப் பக்தி கணக்குப் புத்தகமாக மாறிவிட்டது. கணக்குப் புத்தகம் கையில் இருப்பவனுக்குத் தம்பி கண்ணில் படுவதில்லை. 'என் தம்பி' என்றுகூட அவன் சொல்லவில்லை. 'உம் மகன்' என்றான்.

பக்தி என்பது எது?

குருமடத்தில் நாம் படித்த பாடங்களில் பலவற்றை மறந்துவிட்டோம். ஒன்று மட்டும் மறக்கவில்லை. புனித தாமஸ் அக்வினாஸ் தம் இறையியல் பெருநூலில் பக்தியைப் பற்றி ஆராய்கிறார். பக்தி என்பது கண்ணீரோ, உருக்கமோ, நீண்ட செபமோ அன்று. இறைவனுக்குரிய பணியில் தன்னை உடனடியாக ஒப்புக்கொடுக்கும் மனத்தின் ஆயத்தமே பக்தி என்கிறார். பிறகு, பக்தியின் விளைவு மகிழ்ச்சியா என்று ஒரு கேள்வி எழுப்பி, ஆம், முதன்மையான விளைவு அதுவே என்று தீர்ப்பும் சொல்கிறார். நம் குறைகளை எண்ணும்போது துயரம் வருவதுண்டு. ஆனால் அது இரண்டாவது விளைவு. முதலில் வருவது இறைவனுடைய நன்மையை எண்ணுவதால் பிறக்கும் மகிழ்ச்சி.

ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று மனப்பாடம் செய்தோமே, அவற்றுள் கடைசியாக வருவது சோம்பல். காலையில் நேரங்கழித்து எழுவதுதான் சோம்பல் என்று எண்ணியிருந்தோம். தாமஸ் அக்வினாஸ் வேறு விதமாக விளக்குகிறார். இறைவனைச் சார்ந்த நன்மை நம் முன் இருக்கும்போது அதில் மகிழாமல் சலிப்படைவதே அந்தப் பாவம். ஓடியாடி வேலை செய்கிறவனுக்கும் அது வரலாம். கோயில் வேலை செய்கிறவனுக்கும் வரலாம். குருவானவருக்கும் வரலாம்.

புனித பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் பக்தி வாழ்வுக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். அதுவரை பக்தி என்றால் மடத்துச் சுவருக்குள் இருப்பவர்களுக்கே என்று பலரும் எண்ணியிருந்தார்கள். போர்வீரனும், கைத்தொழில் செய்கிறவனும், குடும்பத்துப் பெண்ணும் தத்தம் நிலைக்கு ஏற்ற பக்தியோடு வாழலாம், வாழ வேண்டும் என்று அவர் எழுதினார். எவருடைய கடமையையும் கெடுப்பது மெய்யான பக்தி ஆகாது. முகத்தைச் சுளிக்கவைப்பதும் ஆகாது என்பது அவருடைய எண்ணம்.

ஆனாலும் அதே பதினேழாம் நூற்றாண்டில், அதே பிரான்சு நாட்டிலிருந்து ஒரு குளிர்காற்று வீசியது. ஜான்சேனியம் என்ற அந்தப் போக்கு, இறைவனை அணுகவே மனிதனை நடுங்கவைத்தது. தகுதி இல்லை என்று சொல்லி நற்கருணைப் பந்தியிலிருந்து எளிய மக்களைத் தள்ளி நிறுத்தியது. அந்தக் குளிர் நெடுங்காலம் நீடித்தது. 1905-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், விசுவாசிகள் அடிக்கடி, நாள்தோறும்கூட, நன்மை வாங்கலாம் என்று அறிவித்தார். 1910-இல் ஏறக்குறைய ஏழு வயதான சிறு பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டார். நற்கருணை என்பது தகுதியுள்ளவனுக்குக் கிடைக்கும் பரிசு அன்று, பசித்தவனுக்கு உணவு என்பதை நமக்கு மீண்டும் நினைவூட்டினார். நற்கருணைக்குரிய கிரேக்கச் சொல்லின் பொருள் நன்றி கூறுதல். அருளைக் குறிக்கும் சொல், மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல், இந்த நன்றியைக் குறிக்கும் சொல் மூன்றும் அம்மொழியில் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அருள் கிடைத்தால் மகிழ்ச்சி, மகிழ்ந்தால் நன்றி. வேர் ஒன்றே.

கண்ணீரின் நடுவே

"வயிற்றுப்பாடும் நோயும் கடனும் இருக்கையில் எப்படி சாமி சந்தோஷப்படுவது?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு விடை உங்கள் பாட்டியின் கையில் இருக்கிறது. அவர்களுடைய ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையில் இருக்கிறது.

சந்தோஷ தேவ இரகசியங்கள் ஐந்தையும் நினைத்துப் பாருங்கள். முதலாவதில், மணமாகாத இளம்பெண் ஒருத்தி சம்மனசின் வாழ்த்தைக் கேட்டுக் கலங்குகிறாள். இரண்டாவதில், வயிற்றில் குழந்தையோடு மலைநாட்டுக்கு நடக்கிறாள். மூன்றாவதில், பிள்ளை பெற இடம் கிடைக்கவில்லை. நான்காவதில், அவளுடைய உள்ளத்தை வாள் ஊடுருவும் என்று முதியவர் சிமியோன் சொல்கிறார். ஐந்தாவதில், மூன்று நாட்கள் மகனைக் காணாமல் தேடி அலைகிறாள். இவற்றுக்குத்தான் திருச்சபை சந்தோஷ இரகசியங்கள் என்று பெயர் வைத்திருக்கிறது! ஏன்? ஒவ்வொன்றிலும் இயேசு இருக்கிறார். கஷ்டம் இல்லாத இடம் அன்று, இயேசு இருக்கும் இடமே சந்தோஷம். சம்மனசு மரியாளை வாழ்த்திய கிரேக்கச் சொல்லுக்கே 'மகிழ்வாயாக' என்ற பொருள் உண்டு. அந்தச் செபத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் என்ன? மங்கள வார்த்தை. எத்தனை பொருத்தமான பெயர்!

நம் கடற்கரைக்கு வந்த புனித சவேரியாரைப் பாருங்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், மணியை அடித்துக்கொண்டு தெருத் தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, மொழிபெயர்ப்பித்து மனப்பாடம் செய்த தமிழில் செபங்களைக் கற்றுக்கொடுத்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபையாருக்கு எழுதிய கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தம் கைகள் சோர்ந்துபோவதையும், திரும்பத் திரும்பச் செபம் சொல்லிக் குரல் அடைத்துப்போவதையும் குறிப்பிடுகிறார். அதே கடிதத்தில், இங்கே உழைக்கும் ஒருவர் இவ்வளவு ஆறுதலை இவ்வுலகிலேயே எனக்குத் தர வேண்டாம் ஆண்டவரே என்று மன்றாடுவதாகவும் எழுதுகிறார். அந்த ஒருவர் அவரேதான். சோர்ந்த கையும் நிரம்பி வழிந்த நெஞ்சும் ஒரே மனிதருக்கு இருந்தன.

புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், வரப்போகும் மரணத்தைத் தாம் நெடுநாள் வேண்டிக்கொண்ட வரமாகவே அவர் குறிப்பிட்டார். இப்படிப்பட்டவர்கள் ஊன்றிய விசுவாசம் நம்முடையது. அது அழுமூஞ்சி விசுவாசமாக இருக்க முடியுமா?

வேப்பமரத்தடி

இப்போது நம்மைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். மூத்த மகனைப் பற்றி இத்தனை பேசினோமே, அவன் யார் என்று நமக்கு எப்படித் தெரியும்? அவனை நாம் கண்ணாடியில் பார்த்திருக்கிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தேர் போகும் வழியை மாற்றினோம். தெரு குறுகல், மின்கம்பி தாழ்வு, காரணம் சரியானதே. ஆனால் அந்தத் தெருவில் ஒரு குடும்பம் உண்டு. நம் பழைய ஓலைக் கோயிலுக்கு மண் சுமந்தவர்களின் வழிவந்தவர்கள். அக்குடும்பத்துப் பெரியவர் மனம் நொந்தார். அடுத்த ஞாயிறு முதல் கோயிலுக்குள் வராமல், வெளிவாசலுக்கு அப்பால் வேப்பமரத்தடியில் நின்று பூசை கண்டார். நன்மைக்கு வரவில்லை. பீடத்திலிருந்து பார்த்தால் அவர் தெரிவார். நாமும் பார்த்தோம். பார்த்துவிட்டு என்ன செய்தோம் தெரியுமா? "தேர் யாருடைய குடும்பச் சொத்தும் அல்ல, கோபித்துக்கொண்டு நிற்கிறவர்கள் நிற்கட்டும்" என்று பிரசங்கத்தில் சொன்னோம். சிலர் நம்மைப் பாராட்டவும் செய்தார்கள். நாம் சொன்னது நியாயமே. ஆனால் உவமையில் நியாயம் பேசியவன் மூத்த மகன். தகப்பன் வெளியே இறங்கி வந்தார்.

அதன்பின் நம் பூசைகளில் ஏதோ ஒன்று குறைந்தது. பாடற்குழு அதுவேதான், பூ அலங்காரம் அதுவேதான். நம் உள்ளத்தில் மட்டும் மகிழ்ச்சி இல்லை. காரணம் பிடிபட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனோம். அம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வழி மாறினதுக்காக இல்ல சாமி. ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா, நானே முன்னால நின்னு தேரைத் திருப்பிவிட்டிருப்பேன். நீங்க வருவீங்கன்னு மூணு வருஷமா இந்தக் கதவைத் தாழ் போடல."

அவர் முன் மன்னிப்புக் கேட்டோம். அவருடைய அனுமதியோடுதான் இதை உங்களிடம் சொல்கிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். அடுத்த ஞாயிறே அவர் உள்ளே வந்துவிட்டார் என்று சொல்ல எமக்கும் ஆசைதான். வரவில்லை. மரத்தடியிலிருந்து வாசற்படிவரை வந்திருக்கிறார். மூன்று ஆண்டுக் காயம் ஒரு காப்பியில் ஆறிவிடாது. ஆனால் அன்றிரவு வீடு திரும்புகையில், குருப்பட்டம் பெற்ற நாளில் இருந்த மகிழ்ச்சி நமக்குத் திரும்பக் கிடைத்தது. அதைக் கொடுத்தவர் அவரே.

நாளைய விழா

பங்கு மக்களே, நம் ஊரில் வேப்பமரம் ஒன்றுதானா? வரப்புத் தகராறில் பத்து ஆண்டுகளாகப் பேசாத அண்ணன் தம்பி ஒரே பூசையில் இரு பக்கம் உட்காருகிறார்கள். விருப்பத்துக்கு மாறாகக் கலியாணம் செய்துகொண்ட மகளுக்குத் திருவிழா அழைப்பு போகவில்லை. சாதியின் பெயரால் மனத்துக்குள் சுவர் கட்டியவர்களும் நம்மிடையே இல்லை என்று சொல்ல முடியாது. இவர்களை வெளியே நிறுத்திவிட்டு நாம் தேர் இழுத்தால், மரத்தேர் நகரும். ஆண்டவர் நகர்ந்து வருவாரா?

எஸ்ரா மறைநூலை வாசித்தபோது மக்கள் அழுதார்கள் என்று நெகேமியா ஆகமம் சொல்கிறது. அழ வேண்டாம், இது ஆண்டவரின் நாள். போய் நல்ல உணவு உண்ணுங்கள். ஏதும் இல்லாதவர்களுக்கும் ஒரு பங்கு அனுப்புங்கள் என்று மக்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அந்த வார்த்தையை நம் பங்குப் பேரவை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவ்வாண்டு வாணவேடிக்கையைக் குறைத்திருக்கிறோம். நாளைய அசனத்தில் முதல் பங்கு, படுக்கையில் கிடக்கும் நோயாளிகள் வீட்டுக்குப் போகும். அவர்கள் எந்த மதத்தவராயிருந்தாலும் போகும். இளைஞர்கள் எடுத்துச் செல்வார்கள். பெரியவர்கள் அவர்களோடு போய் ஒரு செபம் சொல்லட்டும். பிள்ளைகளின் மகிழ்ச்சியும் பெரியவர்களின் பக்தியும் அந்த வீட்டு வாசலில் ஒன்றுசேரட்டும்.

இன்றிரவு பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருக்கள் கோயிலில் அமர்ந்திருப்பார்கள். அதற்கு முன்போ பின்போ ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். யார் வீடு என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கேட்கும்போதே உங்கள் மனத்தில் ஒரு முகம் வந்திருக்கும். கதவு தாழ் போடாமல் இருக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள்.

அந்த உவமையில், மூத்த மகன் கடைசியில் உள்ளே போனானா, இல்லையா என்று ஆண்டவர் சொல்லவில்லை. உள்ளே பாட்டு கேட்கிறது. வெளியே தகப்பன் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார். கதை அப்படியே நின்றுவிடுகிறது. முடிவை எழுதும் பொறுப்பை நம் கையில் விட்டிருக்கிறார். கொடி இறங்கி, பந்தல் பிரித்து, கடைகள் போனபின் நம்மிடம் எஞ்சியிருப்பது என்ன என்று தொடக்கத்தில் கேட்டோம். நாளை விருந்தில் நம் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே அதற்கு விடை.

கானாவூர்க் கலியாணத்தில் ரசம் தீர்ந்ததை முதலில் கவனித்த தேவ அன்னை, நம் பங்கில் மகிழ்ச்சி குறைந்திருக்கும் வீடுகளையும் கவனித்துத் தம் திருமகனிடம் சொல்வாராக. இப்போது முழந்தாளிட்டு, நற்கருணை நாதரை ஆராதிப்போம். ஆமென்.